சுவர் அவருடையது, சாமான் நம்முடையது: வாடகைக் குடும்பமும் காப்பீடும் கடந்து வந்த பாதை



2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய இரு நாள்களைத் தென்மாவட்ட மக்கள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுவதிலும் அப்பகுதி காணும் மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரை கடந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் ரயில் நின்றுபோனது. அருகிலிருந்த புதுக்குடி கிராமத்து மக்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்து அவர்களுக்கு உணவளித்தார்கள்.

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாழும் நம் குடும்பங்களுக்குத் திருநெல்வேலிச் சீமையோடு கொண்டு கொடுத்த உறவு நெடுங்காலமாக உண்டு. அந்த வாரத்தில் நம்மில் பலர் உறவினர்களுக்குத் தொலைபேசியில் அழைத்து, "உயிர் சேதம் இல்லையே? அல்ஹம்துலில்லாஹ்" என்று ஆறுதலடைந்தோம். உயிர் தப்பியதற்கு நன்றி செலுத்துவதே முதற்கடமை. ஆயினும் நீர் வடிந்து சேற்றை வழித்தெறிந்த பின்னர் வேறொரு கேள்வி எழுகிறது. கட்டடம் வீட்டு உரிமையாளருடையது. அதைப் பழுதுபார்ப்பது அவர் பொறுப்பு. அதற்குள் குடியிருந்தவரின் கட்டில், மெத்தை, பீரோ, ஃபிரிட்ஜ், தையல் இயந்திரம், பிள்ளைகளின் புத்தகங்கள் ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு?

கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்பத்துக்கு 6,000 ரூபாயும், பிற பகுதிகளுக்கு 1,000 ரூபாயும் தமிழக அரசு அறிவித்தது. பசியாற்ற அது உதவியது. ஆனால் ஒரு வீட்டின் தட்டுமுட்டுச் சாமான்களை மீண்டும் வாங்க அது போதாது. குடும்ப அட்டையில் முகவரியை மாற்றாமல் வீடு மாறிய வாடகைக் குடும்பம் எந்த நிவாரணத்துக்கும் அலைய நேர்வதும் உண்டு. ஆகவே வாடகைக் குடித்தனத்தின் இழப்பை ஏற்பவர் யார் என்னும் கேள்வி நம் சமுதாயத்தில் எவ்வாறு அணுகப்பட்டு வந்தது என்பதை இங்கே காண முற்படுகிறோம்.

மலையடியில் இருக்கும் நம் ஊர்கள்

"புயல் கடலோரத்துக்காரர்களின் கவலை, நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலை அரண்" என்று நம் பகுதியில் கூறுவோர் உண்டு. பழைய நிலப்படத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1985இல் விருதுநகர் மாவட்டம் பிரியும் வரை, மலையடியிலுள்ள இராஜபாளையமும் கடல்முனையிலுள்ள தனுஷ்கோடியும் ஒரே மாவட்டம். 1964 டிசம்பர் 22, 23 இரவில் புயலும் கடலும் தனுஷ்கோடியை அழித்தன. பாம்பனிலிருந்து சென்ற ரயில் பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. அந்த ஊர் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை.

கடலின் சீற்றம் நம்மை எட்டுவதில்லை என்பது உண்மையே. ஆனால் வங்கக் கடலில் உருவாகும் மழைமேகங்கள் மேற்கே நகர்ந்து, மலையில் தடுக்கப்பட்டு, நீரைக் கொட்டுவது நம் தலைமாட்டில்தான். வடகிழக்குப் பருவத்தில் ஊருக்குள் தூறல் மட்டுமே விழுந்திருக்க, மலையில் பெய்த மழை முடங்கியாற்றிலும் ஓடைகளிலும் திடீரென்று இறங்குவதை நாம் அறிவோம். 2023 டிசம்பரில் பேரழிவை உண்டாக்கியது பெயர் சூட்டப்பட்ட புயல் அன்று. வளிமண்டல மேலடுக்குச் சுழற்சியே அத்தனை நீரையும் கொட்டியது. "புயல் எச்சரிக்கை இல்லை" என்ற செய்தி "ஆபத்து இல்லை" என்று பொருள்படாது.

முன்னோர்களின் காப்பு

காப்பீட்டுப் பத்திரம் தோன்றுவதற்கு முன்னர் மக்கள் இழப்பைப் பகிர்ந்துகொண்ட வழிகள் பல. ஸ்ரீவில்லிபுத்தூரின் பெரியகுளம் முதலான கண்மாய்கள் மலைநீரைத் தேக்குவதற்காகவே வெட்டப்பட்டவை. கரையை அடைப்பதும் மடையைச் செப்பனிடுவதும் ஊராரின் பொதுக்கடமையாக இருந்தன. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். 1858இல் ஆங்கிலேய அரசு அந்தப் பழைய வழக்கத்தைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. கரை உடைந்தால் எல்லார் வீட்டுக்குள்ளும் நீர் புகும் என்பதால், ஒவ்வொருவரும் கூடையளவு மண்ணைப் பிரீமியமாகச் செலுத்தினர் என்று சொன்னாலும் பிழையாகாது.

இஸ்லாமிய வரலாற்றிலும் இத்தகைய ஏற்பாடுகள் உண்டு. கைப்பிழையால் ஒருவர் கொலைக்குக் காரணமாகிவிட்டால், அவர் தர வேண்டிய ஈட்டுத்தொகையை அவருடைய குலத்தார் பகிர்ந்து செலுத்தும் 'ஆகிலா' முறை அரபு நாட்டில் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதை நிலைநிறுத்தினார்கள். யமனைச் சேர்ந்த அஷ்அரீ குலத்தாரிடம் வேறொரு பழக்கம் இருந்தது. உணவு குறையும் காலத்தில் ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ளதைக் கொணர்ந்து ஒரே துணியில் கொட்டி, ஒரே அளவுப் பாத்திரத்தால் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். நபி (ஸல்) அவர்கள் அவர்களைத் தம்மவர் என்று பாராட்டியதை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன.

முன்னேற்பாடு செய்வது தவக்குலுக்கு முரணாகுமா என்று ஐயுறுவோருக்குச் சூரா யூசுஃப் விடையளிக்கிறது. யஃகூப் (அலை) அவர்கள் தம் மைந்தர்களை ஒரே வாயிலால் நுழையாமல் வெவ்வேறு வாயில்களால் நகருக்குள் நுழையச் சொன்னார்கள். அதே வேளையில் இறைவனின் தீர்ப்பைத் தம்மால் தடுக்க இயலாது என்பதையும் உரைத்தார்கள். அவர்களுடைய மைந்தர் யூசுஃப் (அலை) அவர்கள் பஞ்சம் வருவதற்கு முன்பே ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் செய்தார்கள். ஏற்பாடும் நம்பிக்கையும் அங்கே ஒன்றாகவே நடக்கின்றன.

பத்திரம் வந்த வழி

விலை கொடுத்துக் காப்பு வாங்கும் வழக்கம் முஸ்லிம் உலகுக்குக் கடல்வழியாக வந்தது. திமிஷ்கைச் சேர்ந்த ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (1784–1836) அவர்கள் தமது காலத்து வணிகர்களின் வழக்கம் ஒன்றை ஆராய்ந்தார்கள். ஐரோப்பியக் கப்பலை வாடகைக்கு அமர்த்தும் வணிகர், கப்பல் கூலியோடு தனியாக ஒரு தொகையையும் அங்குள்ள ஒருவருக்குச் செலுத்துவார். தீயாலோ மூழ்கியோ கொள்ளையாலோ சரக்கு அழிந்தால் அவர் ஈடு செய்வார். அதன் பெயர் 'ஸூகரா'. தமக்குக் கடமையில்லாத ஒன்றுக்கு ஒருவர் பொறுப்பேற்கும் ஒப்பந்தம் இது என்பதால் முஸ்லிம் நாட்டில் அந்த ஈட்டைப் பெறுவது கூடாது என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள். காப்பீடு குறித்த ஃபிக்ஹு விவாதத்தின் தொடக்கமாக அந்தத் தீர்ப்பே பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது.

நிலத்தில் வீட்டுக் காப்பீடு வளர்ந்தது லண்டனில். 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அந்நகரின் 13,000க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அதன் பின்னரே தீக்காப்பீட்டு அலுவலகங்கள் தோன்றின. 1696இல் வீட்டுடைமையாளர்கள் தமக்குள் பணம் சேர்த்து ஒருவர் இழப்பை மற்றவர் ஏற்கும் கூட்டுச் சங்கம் ஒன்றையும் அமைத்தார்கள். முதற்கண் காக்கப்பட்டவை கட்டடங்களே. வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கும் காப்பு அளிக்கும் வழக்கம் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், 1710இல் உருவான சன் தீக்காப்பீட்டு அலுவலகத்தை ஒட்டியே பரவியது. உடைமையாளரின் சுவர் முதலில், குடியிருப்பவரின் பெட்டி படுக்கை பிறகு என்ற வரிசை அன்றே அமைந்துவிட்டது. இன்றும் அது முற்றிலும் மாறவில்லை.

இந்தியாவில் 1850இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட டிரைட்டன் நிறுவனமே முதற் பொதுக் காப்பீட்டு நிறுவனம். 1938இல் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1973 ஜனவரி முதல் தேதியில் பொதுக் காப்பீடு நாட்டுடைமையாகி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உள்ளிட்ட நான்கு நிறுவனங்களாக அமைந்தது. 2000க்குப் பின்னர் தனியார் நிறுவனங்களும் நுழைந்தன. இத்தனை ஆண்டுகளிலும் ஆலைகளும் கிடங்குகளும் பத்திரம் பெற்றன. வங்கிக் கடனில் கட்டிய வீடுகளும் பெற்றன. வாடகை வீட்டுக்குள் இருந்த சாமான்களைப் பற்றி எவரும் பேசவில்லை.

உலமாக்களின் கருத்துகள்

இதில் நம் குடும்பங்கள் தயங்குவதற்கு மார்க்கக் காரணம் உண்டு. வணிகக் காப்பீட்டில் ஃகரர் எனும் நிச்சயமின்மையும், சூதாட்டத்தின் சாயலும், பிரீமியத் தொகையை வட்டியில் முதலிடுவதும் கலந்திருக்கின்றன என்பது பெரும்பான்மை அறிஞர்களின் ஆட்சேபம். 1961இல் திமிஷ்கில் நடந்த ஃபிக்ஹு மாநாட்டில் முஸ்தஃபா அஸ்ஸர்கா அவர்கள், காப்பீட்டின் அடிப்படை ஒத்துழைப்பே என்றும், வட்டி போன்ற தனிக்குறைகளைக் களைந்துவிட்டால் அது ஆகும் என்றும் வாதிட்டார்கள். ஆனால் 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நிலையான பிரீமியம் கொண்ட வணிகக் காப்பீடு கூடாது என்றும், நன்கொடையையும் ஒத்துழைப்பையும் அடிப்படையாகக் கொண்ட கூட்டுக் காப்பீடே மாற்றுவழி என்றும் முடிவு செய்தது.

அந்த மாற்றுவழியே 'தகாஃபுல்'. 1979இல் சூடானில் இஸ்லாமியக் காப்பீட்டு நிறுவனம் பிறந்தது. மலேசியா 1984இல் தகாஃபுலுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. நம் அண்டை நாடான இலங்கையில் 1999இல் அமானா தகாஃபுல் தொடங்கியது. இந்தியாவில் அத்தகைய நிறுவனம் எதுவும் உரிமம் பெற்று இயங்கவில்லை. காப்பீட்டு நிறுவனம் தொடங்க 100 கோடி ரூபாய் மூலதனம் வேண்டும் என்பது சட்டம். ஒரு மஹல்லாவோ பத்து மஹல்லாக்களோ சேர்ந்தாலும் எட்டக்கூடிய தொகை அன்று அது.

இந்தியச் சூழலை நம் நாட்டு உலமாக்கள் தனியே ஆராய்ந்தார்கள். 1965இல் லக்னோவில் நத்வத்துல் உலமாவின் ஆய்வு மன்றம், கடுந்தேவை உள்ளோருக்கு நிபந்தனைகளோடு இடமளித்தது. 1990களின் தொடக்கத்தில், கலவரங்களில் முஸ்லிம்களின் உயிரும் உடைமையும் அழிந்த சூழலில், இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் நிர்ப்பந்தத்தின் அடிப்படையில் சலுகை அளித்தது. வேறு சில முஃப்திகள், ஈடு கிடைத்தால் தாம் செலுத்திய பிரீமியத்தின் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை ஏழைகளுக்கு வழங்கிவிட வேண்டும் என்கிறார்கள். சட்டம் கட்டாயமாக்கிய வாகனக் காப்பீட்டை இவர்களுள் பலர் நிர்ப்பந்தமாகக் கருதி அனுமதிக்கிறார்கள்.

இவற்றுள் எது சரி என்று தீர்ப்பளிக்கும் தகுதி நமக்கில்லை. தம் நிலையை ஒளிவின்றிச் சொல்லி, நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் கேட்டு முடிவு செய்வதே முறை. கேட்காமலே "ஹராம்" என்று ஒதுக்குவதும் கேட்காமலே கையெழுத்திடுவதும் ஒரே வகையான அலட்சியம்.

அனுமதி பெற்றோர் அறிய வேண்டியவை

2021 ஏப்ரல் முதல், 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்ற பெயரில் ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் அளிக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. தீ, இடி மின்னல், புயல், சூறாவளி, வெள்ளம், நீர் சூழ்தல், நிலச்சரிவு, நிலநடுக்கம் ஆகியவை அதில் அடங்கும். கட்டடத்துக்கும் சாமான்களுக்கும் சேர்த்தும் பெறலாம். சாமான்களுக்கு மட்டும் தனியாகவும் பெறலாம். வாடகைக்கு இருப்போருக்கு உரியது இந்த இரண்டாம் வகையே. சாமான்களுக்கு மட்டுமான ஆண்டுப் பிரீமியம் பெரும்பாலும் ஒரு மாத வாடகையைவிடக் குறைவு.

முதலில் அறை அறையாகச் சென்று பட்டியல் எழுத வேண்டும். ஒவ்வொரு பொருளையும் இன்று வாங்கினால் என்ன விலை என்று குறிக்க வேண்டும். செல்பேசியில் படம் எடுத்து, ரசீதுகளோடு வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வைக்கலாம். வெள்ளத்தில் செல்பேசி போனாலும் சான்று நிற்கும். தேய்மானம் கழித்து ஈடு தருவார்களா, புதிய பொருளின் விலை தருவார்களா என்பதைப் பத்திரத்தின் வாசகத்தைக் காட்டச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும்.

இரண்டாவதாக, எது அடங்காது என்பதைப் படிக்க வேண்டும். ரொக்கப் பணம் அடங்காது. நகைக்குக் கூடுதல் காப்பு தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். நம் பகுதிக்கே உரிய இன்னொரு செய்தியும் உண்டு. சத்திரப்பட்டி வட்டாரத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளை வாடகை வீட்டிலேயே வைத்திருப்போர், தையலோ பலகாரமோ வீட்டிலிருந்தே விற்பனைக்குச் செய்வோர், தொழிற்கருவியும் சரக்கும் வீட்டுச் சாமானாகக் கருதப்படும் என்று எண்ணிவிடலாகாது. சிறுதொழிலுக்கெனப் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற தனிப் பத்திரம் உண்டு. உண்மையை மறைத்துப் பெற்ற பத்திரம் இழப்பு நேரத்தில் கைவிடும். மறைப்பது மார்க்கத்திலும் மோசடியே.

மூன்றாவதாக, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், கட்டடப் பழுதுகளில் எது உரிமையாளருக்கு, எது குடியிருப்பவருக்கு என்று பிரித்துக் காட்டுகிறது. இழப்பு நேர்ந்தால் உடனே நிறுவனத்துக்குத் தெரிவித்து, சர்வேயர் வந்து பார்க்கும் முன் நனைந்த பொருள்களை அப்புறப்படுத்த நேர்ந்தால் படம் எடுத்த பின்னரே அகற்ற வேண்டும். ஈட்டுத்தொகை நியாயமின்றி மறுக்கப்பட்டால், நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிட்ட பிறகு, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி மனுச் செய்யலாம்.

மஹல்லாவின் கடமை

இத்தனையும் சொன்ன பிறகு நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் வீட்டு வாசலில் நிற்கும் ஒவ்வொரு பைக்குக்கும் சட்டத்தின் அச்சத்தால் காப்பீடு இருக்கிறது. வாசலுக்கு உள்ளே, ஒரு தாய் பத்தாண்டுகளில் சிறுகச் சிறுகச் சேர்த்தவற்றுக்கு எதுவும் இல்லை. பத்திரம் எடுக்க மனம் ஒப்பாதவரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. அவருடைய பேணுதல் மதிக்கத்தக்கது. ஆனால் "அது கூடாது" என்று அவரிடம் சொல்லும் ஜமாஅத், "இது இருக்கிறது" என்று எதையாவது காட்டவும் கடமைப்பட்டிருக்கிறது. அஷ்அரீ குலத்தார் துணியை விரித்த பின்னரே பங்கிட்டார்கள்.

கல்யாண வீட்டில் மொய் எழுதவும், மாதச் சீட்டுக் கட்டவும் பழகிய நமக்கு இது புதிதன்று. மஹல்லாவின் பைத்துல் மாலில் மழைக்கால நிதி என்று ஒரு தனிக்கணக்கு வைக்கலாம். ஐப்பசி பிறக்கும் முன் வாடகைக் குடும்பங்களின் பட்டியலையும், தாழ்ந்த தெருக்களின் பட்டியலையும் எடுத்துவைக்கலாம். தரைத்தள வீட்டாரின் சான்றிதழ்களையும் பத்திரங்களையும் பாதுகாக்கப் பள்ளிவாசல் மாடியில் ஓர் இரும்பு அலமாரி ஒதுக்கலாம். ஜகாத் பெறத் தகுதியுள்ளோருக்கு ஜகாத்தும், மற்றவருக்கு ஸதகாவும் வட்டியில்லாக் கடனும் எனப் பிரித்து எழுதினால் கணக்கும் தூய்மையாக இருக்கும். இது காப்பீட்டு நிறுவனம் ஆகாது. எல்லார் இழப்பையும் ஈடு செய்வதாக வாக்குறுதியும் அளிக்காது. ஆயினும் வெள்ளத்துக்கு மறுவாரம் ஒரு குடும்பம் அடுப்பும் பாயும் வாங்குவதற்கு வட்டிக்காரரின் வாசலில் நிற்பதை அது தடுக்கும். வட்டிக்கு அஞ்சிக் காப்பீட்டைத் தவிர்த்த குடும்பம், காப்பீடு இல்லாததால் வட்டியில் விழுவதைவிடத் துயரமானது வேறென்ன?

சுவர் உரிமையாளருடையது, சாமான் குடியிருப்பவருடையது, அண்டை வீட்டார் என்ற பொறுப்பு நம் எல்லாருடையது. அடுத்த வடகிழக்குப் பருவத்துக்கு முன் ஒவ்வொரு வாடகைக் குடும்பமும் தன் ஆலிமிடம் ஒரு கேள்வியையும், ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் கணக்கேட்டில் ஒரு பக்கத்தையும் திறக்குமாயின் இவ்வெழுத்தின் நோக்கம் நிறைவேறும்.

வல்ல ரஹ்மான் நம் இல்லங்களையும் உள்ளங்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.